காலண்டர் சீசனுக்கு முன் கை மரத்துப்போகிறது: மவுஸை மாற்றலாமா, டிராக்பாலா, பேனா டேப்லெட்டா?

தாழம்பூ (சிவகாசி)

எல்லோருக்கும் வணக்கம். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனிங் பார்க்கிறேன், பதினான்கு வருடம் ஆகிறது. கோரல் டிராவும் போட்டோஷாப்பும்தான் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், டைரி அட்டை எல்லாம் வரும், ஆனால் பெரிய வேலை காலண்டர்தான். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த புது ஆல்பம் வெளியாகும், அதற்கு முன்னால் இரண்டு மாதம் சாமி படங்களைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்துப் புதுப்புது டிசைன் போட வேண்டும், ஆல்பம் வெளியே போனதும் ஆர்டர் வரத் தொடங்கிவிடும், அப்புறம் கடைப் பெயர், போன் நம்பர், லோகோ என்று மாற்றி மாற்றி மார்கழி வரைக்கும் மூச்சு விட முடியாது.

போன சீசன் கடைசியில் வலது கையில் ஆரம்பித்தது. முதலில் சாயங்காலம் மட்டும் மணிக்கட்டில் ஒரு வலி. இப்போது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, கையைத் தொங்கவிட்டு உதறினால்தான் மறுபடி தூங்க முடிகிறது. போன வாரம் தோசை திருப்பும்போது கரண்டி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அன்றுதான் உண்மையாகவே பயந்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். "என்ன வேண்டுமோ பார்த்துச் சொல்லும்மா, ஒன்று வாங்கித் தருகிறேன்" என்றார். ஒன்றுதான். பக்கத்து சீட் அண்ணன் டிராக்பால் என்கிறார், என் தம்பி செங்குத்து மவுஸ் என்கிறான், கம்ப்யூட்டர் கடையில் கேமிங் மவுஸை எடுத்துக் காட்டினார்கள்.

என் வேலையில் மூன்று விஷயம் நிறைய வரும். ஒன்று, போட்டோஷாப்பில் பென் டூல் வைத்துச் சாமியின் மாலை, கிரீடம், மயில் தோகை எல்லாவற்றையும் சுற்றிப் புள்ளி வைத்து வெட்டுவது. இரண்டு, கோரலில் எழுத்தையும் பெட்டியையும் பிடித்து இழுத்து இடம் மாற்றுவது. மூன்று, தேதியும் நம்பரும் தட்டுவது. இதற்கு நம்பர் பேட் கட்டாயம் வேண்டும், அதிலுள்ள பிளஸ் கட்டையை அழுத்தினால் கோரலில் அதே இடத்தில் ஒரு நகல் விழும், அது இல்லாமல் எனக்கு வேலையே ஓடாது.

இன்னொன்று. இப்போதுள்ள மவுஸில் எதையாவது இழுத்துக்கொண்டு போகும்போது பாதியில் கை விட்ட மாதிரி கீழே போட்டுவிடுகிறது. அதனால் அழுத்திப் பிடித்தே பழகிவிட்டேன். இதையும் சேர்த்து யோசித்துச் சொல்லுங்கள்.

கோட்டோவியம் (கோவை)

தங்கச்சி, நான் பம்ப் கம்பெனிகளுக்கு வார்ப்பட வரைபடம் போடுகிறவன், ஆட்டோகேடில் இருபது வருடத்துக்கு மேல். டிராக்பாலுக்கு மாறிப் பதினோரு வருடம் ஆகிறது, திரும்ப மவுஸ் தொடவே இல்லை.

டிராக்பால் என்பது மவுஸைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. பெட்டி அசையாது, மேலே இருக்கிற பந்தை உருட்டினால் அம்பு நகரும். கை ஓரிடத்தில் படுத்தே கிடக்கும், தோளும் முழங்கையும் அலைய வேண்டியதில்லை. எனக்கு வலி தோளில்தான் இருந்தது, ஒரே மாதத்தில் விட்டது. மேசையில் வரைபடத் தாள், காலிப்பர், டீ டம்ளர் எல்லாம் கிடக்கும், மவுஸ் நகர்த்த இடமே இருக்காது, இதற்கு உள்ளங்கை அகலம் போதும்.

நான் வைத்திருப்பது கட்டைவிரலால் உருட்டுகிற வகை. லாஜிடெக் எம்575 என்று கேட்டால் கிடைக்கும், பந்து 34 மில்லிமீட்டர். பட்டன்கள் மவுஸில் இருக்கிற இடத்திலேயே இருக்கும், அதனால் பழகுவது எளிது. நீங்கள் கேட்ட இழுவைக்கும் இது நல்லது, ஆள்காட்டி விரல் பட்டனைப் பிடித்துக்கொள்ளும், கட்டைவிரல் பந்தை உருட்டும், இரண்டும் தனித்தனி விரல் என்பதால் ஒன்றின் வேலை மற்றதைக் கெடுக்காது. ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். சின்னப் பெட்டியைப் பிடிக்கப் போனால் தாண்டிப் போகும், திரும்பி வந்தால் இந்தப் பக்கம் தாண்டும். அந்த ஒரு வாரத்தைச் சீசனில் வைத்துக்கொள்ளாமல் இப்போதே கடந்துவிடுங்கள்.

இது ஏதோ புதுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். மவுஸைவிட டிராக்பால்தான் மூத்தது. கனடா கடற்படைக்காக 1952-இல் செய்த, போர்க்கப்பல்கள் ராடார் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் டேட்டார் கருவியில் பவுலிங் விளையாட்டுக்கான பந்து ஒன்றையே உருட்டுவதற்கு வைத்திருந்தார்கள். மவுஸைக் கண்டுபிடித்த அமெரிக்கர் எங்கல்பார்ட் குழுவின் மரப்பெட்டி மவுஸ் அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.

கைநாடி (திருச்சி)

நான் பிசியோதெரபிஸ்ட். கோட்டோவியம் அண்ணன் சொன்னது அவர் தோளுக்குச் சரி. ஆனால் தாழம்பூ, நீங்கள் எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் வலி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு இடத்து வலிக்கு மருந்தாகிற சாதனம் இன்னோர் இடத்தைக் கெடுக்கும்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவது, ராத்திரி விழித்துக் கையை உதறுவது, பொருள் நழுவுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்ப்பல் டனல். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவில் குறுகலான ஒரு வழி இருக்கிறது. விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அந்த ஒரே வழியில்தான் போக வேண்டும். தசைநாண் சுற்றி வீங்கினாலும், மணிக்கட்டை மேலேயோ கீழேயோ மடித்து வைத்தே இருந்தாலும், அழுத்தம் நரம்பின் மேல் விழும். மவுஸ் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. தைராய்டு, சர்க்கரை இரண்டும் இதைக் கொண்டுவரும், அதனால் ரத்தப் பரிசோதனையும் செய்து பாருங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் கதை வேறு. அது அல்நார் நரம்பு, பெரும்பாலும் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி உட்காருகிறவர்களுக்கு வரும். அதற்கு மவுஸை மாற்றி ஒன்றும் ஆகாது, முழங்கையை எடுக்க வேண்டும்.

இப்போது ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற நான்கு விரலால் அதை மூடிக்கொண்டு, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில், சுளீர் என்று இழுக்கிறதா? இழுத்தால் கட்டைவிரல் தசைநாணும் அழற்சியில் இருக்கிறது என்று அர்த்தம் கொள்ளலாம், அதை டி குவர்வேன் என்பார்கள். அப்படி இருந்தால் கட்டைவிரல் டிராக்பால் பக்கமே போகாதீர்கள். நாள் முழுக்க எந்த விரல் ஓய்வெடுக்க வேண்டுமோ அதற்கே எல்லா வேலையையும் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

செங்குத்து மவுஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கிறது, முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக முறுக்கிக்கொள்கின்றன. செங்குத்து மவுஸ் கையைக் கைகுலுக்குகிற நிலைக்குக் கொண்டுவரும். லாஜிடெக் லிஃப்டில் சாய்வு 57 டிகிரி. முன்கை இறுக்கத்துக்கும் முழங்கை வெளிப்பக்க வலிக்கும் நன்றாக உதவுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டன் பக்கவாட்டில் இருப்பதால் அழுத்தும்போது மவுஸே கொஞ்சம் நகரும், பென் டூலில் நுணுக்கமாகப் புள்ளி வைக்கிறவர்கள் அதைக் குறையாகச் சொல்கிறார்கள்.

எது வாங்கினாலும் சரி, நரம்பு மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ போய் நரம்புக் கடத்தல் சோதனை ஒன்று எடுத்துவிடுங்கள் அக்கா. கரண்டி நழுவிய பிறகு தள்ளிப்போடக் கூடாது. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தால் கட்டைவிரல் மேட்டுச் சதையே கரைந்துவிடும், அது திரும்பி வருவது கடினம்.

தாழம்பூ

சோதனை செய்து பார்த்தேன். வலது கையில் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு இழுக்கிறது. இடது கையில் ஒன்றும் இல்லை. கோட்டோவியம் அண்ணே, நீங்கள் சொன்னதைத்தான் நேற்றே ஆர்டர் போடச் சொல்லலாம் என்று இருந்தேன், நல்லவேளை.

மருத்துவரிடம் வியாழக்கிழமை போகிறேன். அது வரைக்கும் வேலையை நிறுத்த முடியாது, அதனால் சாதனத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பேனா டேப்லெட் வைத்து வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மாலைவெயில் (மதுரை)

கல்யாண ஆல்பம் டச்சிங்தான் என் வேலை, ஒன்பது வருடமாக வேகாம் டேப்லெட், அதாவது மேலே பேனாவை நகர்த்தினால் திரையில் அம்பு நகரும் பலகை. சின்ன அளவுள்ள ஒன் பை வேகாம். வரைகிற பரப்பு 152-க்கு 95 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு போஸ்ட்கார்டு அளவு. பேனாவுக்கு பேட்டரி கிடையாது, டேப்லெட்டிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும், அதனால் எழுதுகிற பேனா மாதிரியே லேசாக இருக்கும்.

மவுஸோடு இதற்குள்ள பெரிய வித்தியாசம், டேப்லெட்டின் ஒவ்வோர் இடமும் திரையின் ஓர் இடம். மவுஸைத் தூக்கி வைத்தால் அம்பு அங்கேயே நிற்கும். இங்கே பேனாவை மேல் மூலையில் வைத்தால் அம்பு மேல் மூலைக்கே போய்விடும். முதல் இரண்டு நாள் தலை சுற்றும், அப்புறம் கண் பார்க்கிற இடத்துக்குக் கை தானாகப் போகும், மவுஸைவிட வேகமாக.

ஆனால் உங்கள் வேலைக்கு இதை மட்டும் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை அக்கா. காரணம் சொல்கிறேன். பிரஷ்ஷால் மாஸ்க் போடுவதற்கு, அதாவது வேண்டாத பகுதியைத் தடவி மறைப்பதற்கு, பேனாவுக்கு ஈடே இல்லை. மயில் தோகை, முடி, ஜரிகை, பூமாலையில் நார் நாராகத் தொங்குகிற இடமெல்லாம் மவுஸில் புள்ளி வைத்துச் சுற்றினால் கத்தரித்த மாதிரிதான் வரும், பேனாவில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஓரத்தைக் கரைத்துவிடலாம். கிரீடம், வேல், திருவாசி மாதிரி கெட்டி ஓரம் உள்ளதற்கு பென் டூல்தான் சரி, அதில் புள்ளியைத் தட்டி இழுக்கும்போது பேனா நுனி கொஞ்சம் வழுக்கும், என் கைக்கு இன்றும் மவுஸ்தான் அந்த வேலைக்கு. கோரலில் பெட்டி நகர்த்தவும் நம்பர் தட்டவும் ஒவ்வொரு முறையும் பேனாவைக் கீழே வைத்து எடுக்க வேண்டும். விரலிடுக்கில் செருகிக்கொண்டே தட்டலாம், நான் அப்படித்தான் தட்டுகிறேன், ஆனால் கட்டைவிரல் அடியில் வலி இருக்கிறவர்கள் நாள் முழுக்கப் பேனாவை இடுக்கிக்கொண்டு இருக்கக் கூடாது என்றுதான் கைநாடி சொல்வார் என்று நினைக்கிறேன்.

எப்போதாவது வாங்கினால் ஒன்று ஞாபகம் வையுங்கள். விண்டோஸில் பேனாவை அழுத்திப் பிடித்தால் ஒரு வட்டம் தோன்றி ரைட் கிளிக் ஆகிவிடும், கோடு தாமதமாகத் தொடங்கும். அதை அணைக்காமல் டேப்லெட் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

ஈயப்பற்று (சென்னை)

மதியம் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், ஒரு விஷயத்தை யாரும் பிடிக்கவில்லையே என்று எழுதுகிறேன். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் சின்ன சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், மவுஸும் கீபோர்டும்தான் அதிகம் வரும்.

இழுக்கும்போது பாதியில் கீழே போடுகிறது என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா, அது மவுஸின் இடது பட்டனுக்கு அடியில் இருக்கிற மைக்ரோசுவிட்ச் தேய்ந்துபோனதால். உள்ளே மெல்லிய செப்புத் தகடு ஒன்று வளைந்து இன்னொரு முனையைத் தொடும். லட்சக்கணக்கான முறை தட்டித் தட்டித் தொடுகிற இடம் கருத்து, தொடர்பு விட்டு விட்டு வரும். ஒரு கிளிக் இரண்டாகப் பதிவாவதும், இழுவை பாதியில் அறுவதும் இதனால்தான். கோரலை அணைத்துவிட்டு பெயின்ட்டைத் திறந்து, பட்டனை லேசாகப் பிடித்தபடி மெதுவாக ஒரு நீளக் கோடு போடுங்கள். நடுவில் அறுந்தால் சுவிட்ச்தான், சந்தேகமே வேண்டாம்.

இதில் கவலைப்பட வேண்டியது என்னவென்றால், நீங்கள் எவ்வளவு நாளாக அதை ஈடுகட்ட அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்களோ அவ்வளவு நாளும் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தேவைக்கு மேல் இறுகியிருக்கின்றன. மவுஸின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் கவ்விப் பிடித்தால்தானே மேல் விரலால் அழுத்த முடியும். புதுச் சுவிட்ச் விலை ஒரு டீயும் இரண்டு வடையும் ஆகும் காசு. மூன்று காலில் ஈயத்தை உருக்கி எடுத்துப் புதியதை வைத்துவிடலாம், பத்து நிமிட வேலை. உங்கள் ஊரில் ஈயப்பற்று வைக்கத் தெரிந்த மொபைல் கடைக்காரரிடம் கொடுத்தாலே போதும். அழுத்தம் குறைந்த சுவிட்ச்சாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கடைக்காரர் காட்டிய கேமிங் மவுஸ். பெட்டியில் பதினாறாயிரம் டிபிஐ, இருபதாயிரம் டிபிஐ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டிபிஐ என்பது கையை ஓர் அங்குலம் நகர்த்தினால் எத்தனை புள்ளியாக எண்ணும் என்பதுதான். முழு எச்டி திரை ஒன்றுக்கு 800 முதல் 1600 வரை தாராளம். மிகக் குறைவாக வைத்தால் கை அலையும், மிக அதிகமாக வைத்தால் அம்பு நடுங்கும், அதைக் கட்டுப்படுத்தக் கை இறுகும். அது போக விண்டோஸ் மவுஸ் அமைப்பில் "பாயிண்டர் துல்லியத்தைக் கூட்டு" என்ற டிக் ஒன்று இருக்கிறது. அது இருந்தால் கை வேகமாகப் போனால் அம்பு கூடுதல் தூரம் போகும், மெதுவாகப் போனால் குறைவாகப் போகும். புள்ளி வைக்கிற வேலைக்கு அதை எடுத்துவிடுங்கள்.

கோட்டோவியம்

தங்கச்சி, கட்டைவிரல் வகையைச் சொன்னதற்கு மன்னிக்கவும், என் கைக்குப் பிடித்ததை உங்கள் கைக்கும் நினைத்துவிட்டேன். கைநாடி சொன்னது முழுக்கச் சரி.

விரல்களால் உருட்டுகிற பெரிய பந்து வகை ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ், பேரில்தான் மவுஸ், உண்மையில் டிராக்பால். பந்து 55 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட பில்லியர்ட்ஸ் பந்து அளவு, அதைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தைத் திருப்பினால் பக்கம் மேலும் கீழும் ஓடும். ஆள்காட்டி, நடு, மோதிரம் மூன்று விரலும் பந்தின் மேல் பரவலாகப் படுத்திருக்கும். பட்டன் நான்கு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எந்தக் கையிலும் வைக்கலாம். இவ்வளவு செலவு வேண்டாம் என்றால் அவர்களுடைய ஆர்பிட்டில் 40 மில்லிமீட்டர் பந்து, இரண்டு பட்டன், அதுவும் இரு கைக்கும் பொருந்தும்.

இந்த வகையில் இழுவைதான் கொஞ்சம் சங்கடம். பட்டனைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு பந்தை மற்ற விரலால் உருட்ட வேண்டும், நீண்ட இழுவையில் கட்டைவிரல் மறுபடி மாட்டும். அதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் மவுஸ், பட்டன்ஸ் பக்கத்தில் கிளிக்லாக் என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் பட்டனை ஒரு கணம் அழுத்திப் பிடித்து விட்டால் போதும், பிடித்த மாதிரியே இருக்கும், கொண்டுபோய்ச் சேர்த்ததும் இன்னொரு தட்டு தட்டினால் விடும்.

ஈயப்பற்று சொன்ன அந்த டிக் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. மவுஸுக்கு எடுத்துவிடுங்கள், டிராக்பாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பந்தை ஒரு சுண்டு சுண்டினால் திரையின் அந்தப் பக்கம் போக வேண்டும், மெல்ல உருட்டினால் மயிரிழை நகர வேண்டும், இரண்டும் ஒரே பந்தில் கிடைக்க அந்த வேக மாற்றம் உதவும்.

இன்னொன்று, இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. அதை இடது கையில் வையுங்கள். உங்கள் நம்பர் பேட் வலப்பக்கம் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் மவுஸ் இருக்கிறது, அதனால் வலக்கை எப்போதும் உடம்பை விட்டு வெளியே அகன்றே நிற்கும். நம்பர் பேட் இல்லாத கீபோர்டு வாங்கச் சொல்வார்கள், உங்களுக்கு அது ஆகாது. டிராக்பால் இடப்பக்கம் வந்துவிட்டால் வலக்கை நம்பரையும் பிளஸ்ஸையும் தட்டும், இடக்கை உருட்டும். 1968 டிசம்பர் 9 அன்று எங்கல்பார்ட் முதன்முதலில் மவுஸைச் சபையில் காட்டியபோது அவருடைய வலக்கையில் மவுஸ், இடக்கையில் ஐந்து கட்டை கொண்ட தனிக் கருவி ஒன்று, இரண்டு கையும் சேர்ந்தே வேலை செய்தன. அந்த இரண்டாவது கருவி நம் மேசைக்கு வந்து சேரவே இல்லை, வலக்கை மட்டும் எல்லாவற்றையும் சுமக்கிறது.

அச்சகம் என்பதால் ஓர் எச்சரிக்கை. மெஷினில் தாள் ஒட்டாமல் இருக்க ஸ்ப்ரே பவுடர் அடிப்பீர்கள் இல்லையா, அது காற்றில் வந்து பந்துக்குள் இறங்கும். பந்து மூன்று சின்ன மணிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பவுடரும் விரல் எண்ணெயும் சேர்ந்து அந்த மணிகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி படியும், பந்து தடைபட்டுத் தடைபட்டு உருளும். வாரம் ஒருமுறை பந்தை எடுத்து, துணியால் துடைத்து, மணிகளைப் பஞ்சுக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள்.

கைநாடி

இடக்கைக்கு மாற்றுவது நல்ல யோசனை, ஒரே நாளில் முழுக்க மாற்றாதீர்கள். பழக்கமில்லாத கை பயத்தில் இறுக்கிப் பிடிக்கும், இரண்டு மாதத்தில் அந்தக் கையும் வலிக்க ஆரம்பித்துவிடும். காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம், அப்படி ஏற்றுங்கள். முழங்கை மடங்கும் உயரமும் மேசை உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தாழ்வாக இருந்தால் மணிக்கட்டு மேல் நோக்கி மடியும், கீழே ஒரு தலையணை போட்டாலே பாதி சரியாகும்.

மாலைவெயில்

கோரலில் இழுவையையே குறைக்கலாம் அக்கா. தேர்ந்தெடுத்துவிட்டு பி அடித்தால் பக்கத்தின் நடுவுக்கு வந்துவிடும். சி, இ இரண்டும் ஒன்றுக்கொன்று நடுவில் சேர்க்கும், எல், ஆர், டி, பி நான்கும் ஓரங்களைச் சேர்க்கும்.

சின்னத் திருத்தம், பி என்று இரண்டு எழுத்து வந்துவிட்டது. பக்க நடுவுக்கு வருவது பேப்பர் என்பதில் வரும் பி, கீழ் ஓரத்தைச் சேர்ப்பது பாட்டம் என்பதில் வரும் பி. நகர்த்த அம்புக்குறிக் கட்டை, ஷிஃப்ட் சேர்த்தால் பெரிய அடி, கண்ட்ரோல் சேர்த்தால் சின்ன அடி. கடைப் பெயர்ப் பெட்டிக்கு மவுஸே தொட வேண்டியதில்லை.

தாழம்பூ

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நரம்புச் சோதனை எடுத்தேன். வலது கையில் ஆரம்பக் கட்டக் கார்ப்பல் டனல், சதை கரையவில்லை, அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். ராத்திரி மணிக்கட்டுப் பட்டை போட்டுத் தூங்குகிறேன், முதல் வாரத்திலேயே இரண்டு மணி விழிப்பு நின்றுவிட்டது. கட்டைவிரலுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தைராய்டும் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது.

முதலில் பெயின்ட்டில் கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு சாண் கோட்டில் நான்கு இடத்தில் அறுந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் கடைத் தம்பி சுவிட்ச் மாற்றிக் கொடுத்தான். திரும்பி வந்து முதல் தட்டு தட்டியபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, விரல் வைத்தாலே பதிகிறது, இத்தனை நாள் இவ்வளவு பலத்தை எங்கே போட்டுக்கொண்டு இருந்தேன் என்று. ஈயப்பற்று அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

முதலாளியிடம் பெரிய பந்து டிராக்பால்தான் கேட்டேன், வாங்கித் தந்தார். இடப்பக்கம் வைத்திருக்கிறேன். வலப்பக்கம் பழைய மவுஸ் அப்படியே இருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. கோரல் வேலை முழுவதும் இடக்கைக்குப் போய்விட்டது, தேர்ந்தெடுப்பது பந்தில், சேர்ப்பது எழுத்துக் கட்டையில், நகல் வலக்கைப் பிளஸ்ஸில். கிளிக்லாக் போட்டிருக்கிறேன், அதில் நேரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் எனக்கு ஒத்துவருகிறது. பென் டூல் மட்டும் இன்னும் வலக்கை மவுஸில். மயிலோடு நிற்கிற முருகன் படம் ஒன்றை முழுக்கப் பந்தில் வெட்டிப் பார்த்தேன், வழக்கமாக அரை மணி நேரம், அன்று ஒன்றே கால் மணி நேரம் ஆனது, மூன்றாவது படத்தில் ஐம்பது நிமிடம். சீசனுக்குள் அதையும் மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தோகைக்கு மட்டும் பேனா வேண்டும் என்று தோன்றுகிறது மாலைவெயில், அதை தை மாதம் என் காசில் வாங்குவேன்.

பவுடர் உண்மை. ஐந்தாம் நாளே பந்து சொரசொரத்தது, எடுத்துப் பார்த்தால் மூன்று மணிகளைச் சுற்றியும் வெள்ளை வளையம். இப்போது சனிக்கிழமை மெஷின் கழுவும்போது இதையும் துடைத்துவிடுகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. பக்கத்து சீட் அண்ணன் பிறவியிலேயே இடது கைக்காரர், எழுதுவது சாப்பிடுவது தவிர எல்லாம் இடது. மவுஸ் மட்டும் பொது சிஸ்டம் என்பதால் பதினெட்டு வருடமாக வலக்கையில் பிடிக்கிறார். நான் மதியம் சாப்பிடப் போனபோது என் டிராக்பாலில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஒரு பத்திரிகையை முடித்துவிட்டார். அவருக்குத் தோள் வலி இருக்கிறது, முன்கையும் இறுகுகிறது, செங்குத்து மவுஸ் இடக்கைக்குத் தனியாகச் செய்கிறார்களா?

கைநாடி

செய்கிறார்கள். லிஃப்டிலேயே இடது கைக்கென்று தனி வகை உண்டு, வாங்கும்போது பெட்டியில் இடது என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள், வலக்கை மாடலை இடக்கையில் பிடிக்கவே முடியாது. அது சின்னதும் நடுத்தரமுமான கைக்குச் செய்தது, அவருக்குக் கை பெரிதாக இருந்தால் முதலில் யாரிடமாவது பிடித்துப் பார்க்கட்டும். உங்கள் டிராக்பாலில் இன்னும் ஒரு வாரம் மதியம் மட்டும் உட்காரட்டும் அக்கா, தோள் வலி குறைந்தால் அவருக்கும் அதையே கேளுங்கள்.